13 தேர்தல், 7 தொகுதி, 699 வாக்கு
தோல்வியே காணாத கருணாநிதியின் தேர்தல் கணக்கில் ஒளிந்திருக்கும் கதை

1991 ஜூன். தமிழகத்தின் பல ஊர்களில் திமுக கொடிக்கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, கறுப்பு சிவப்புக் கரைவேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இறங்கவே கட்சிக்காரர்கள் யோசித்தார்கள். கட்சி அலுவலகங்களும் நிர்வாகிகளின் வீடுகளும் தாக்கப்பட்டன. அந்தச் சூட்டோடு வாக்குப்பதிவு முடிந்து, பெட்டிகள் உடைக்கப்பட்டன. எல்லாம் வாக்குச்சீட்டுக் காலம். சீட்டைக் கொட்டி, பிரித்து, கட்டுக் கட்டாக அடுக்கி எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜென்ட்டுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் முத்திரை எந்தச் சின்னத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

வானொலியில் வந்த முடிவுகளெல்லாம் இரட்டை இலை, கை, இரட்டை இலை, கை என்றே போயின. 234 தொகுதிகளில் அதிமுகவுக்கு 164, காங்கிரஸுக்கு 60. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்த திமுகவுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று எழும்பூர். இன்னொன்று துறைமுகம். துறைமுகத்தில் காங்கிரஸ் வேட்பாளர் கே. சுப்புவை மு. கருணாநிதி 890 வாக்குகளில் தாண்டியிருந்தார். கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று, வென்ற அந்தப் பதவியையும் அவர் ராஜினாமா செய்தார்.

பதவி போனாலும் கணக்குப் புத்தகத்தில் அது வெற்றியாகத்தான் பதிவானது. ஒவ்வொரு தேர்தல் சீசனிலும் டீக்கடைப் பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை "நின்ன எலெக்‌ஷன்ல எல்லாம் ஜெயிச்சவரு" என்ற பேச்சு எழும். எதிர்த்தரப்பு, "பயந்து பயந்து தொகுதி மாறினவரு" என்று திருப்பிக் கொடுக்கும். 1957 முதல் 2016 வரை, 60 ஆண்டுகளில் 13 தேர்தல், 13 வெற்றி. இந்தப் பதிவை வாக்கு வித்தியாசங்களோடு சேர்த்துப் படித்தால், இரண்டு தரப்புமே பாதி உண்மைதான் பேசுகிறது என்று தெரியும்.

பெட்டிச் செய்தி: 13 முறை

1957 குளித்தலை – 8,296
1962 தஞ்சாவூர் – 1,928
1967 சைதாப்பேட்டை – 20,482
1971 சைதாப்பேட்டை – 12,511
1977 அண்ணா நகர் – 16,438
1980 அண்ணா நகர் – 699
1989 துறைமுகம் – 31,991
1991 துறைமுகம் – 890
1996 சேப்பாக்கம் – 35,784
2001 சேப்பாக்கம் – 4,834
2006 சேப்பாக்கம் – 8,526
2011 திருவாரூர் – 50,249
2016 திருவாரூர் – 68,366

(எண்கள் வாக்கு வித்தியாசம். 1984 பொதுத் தேர்தலில் போட்டியிடவில்லை.)

இரண்டாம் முறை என்ற கண்டம்

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஏறி இறங்கும் எண்கள்தான். தொகுதிவாரியாகப் பிரித்து வைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒரே தொகுதியில் அவர் இரண்டாம் முறை நின்ற இடங்கள் ஐந்து. அவற்றில் நான்கில் வித்தியாசம் சரிந்திருக்கிறது. சைதாப்பேட்டையில் 20 ஆயிரம் 12 ஆயிரமானது. அண்ணா நகரில் 16 ஆயிரம் 699 ஆனது. துறைமுகத்தில் ஏறக்குறைய 32 ஆயிரம் 890 ஆனது. சேப்பாக்கத்தில் 35 ஆயிரம் ஐந்தாயிரத்துக்கும் கீழே போனது. விதிவிலக்கு திருவாரூர் மட்டும்.

மற்ற மூன்று சரிவுகளுக்கும் மாநிலம் முழுக்க அடித்த காற்றைக் காரணம் சொல்லிவிடலாம். 1971-க்கு அது பொருந்தாது. அந்தத் தேர்தலில் திமுக 184 இடங்களை வாரியது. அந்தக் கட்சி அதற்கு முன்பும் பின்பும் தொடாத உயரம் அது. வேட்பாளர் சாதாரணமானவரும் அல்ல, பதவியில் இருந்த முதலமைச்சர். அப்படியும் சொந்தத் தொகுதியில் வித்தியாசம் எட்டாயிரம் குறைந்தது. தமிழகமெங்கும் ஓடிப் பிரசாரம் செய்யும் தலைவரைத் தொகுதிக்காரர்கள் அடிக்கடி பார்க்க முடிவதில்லை. முதல் முறை 'தலைவரே நம்ம தொகுதி' என்று மாலை போட்ட கைகள், இரண்டாம் முறை 'அஞ்சு வருஷமா எங்க போனாரு' என்று கேட்கும். சைதாப்பேட்டை அப்படிக் கேட்டதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்த தேர்தலில் அவர் அங்கே நிற்கவில்லை. சரிவு கண்ட இடத்தில் மூன்றாம் முறை நின்றது சேப்பாக்கத்தில் மட்டும்தான். தோற்காமல் இருப்பதற்கு ஜெயிக்கத் தெரிந்தால் போதாது, கிளம்பவும் தெரிய வேண்டும். கருணாநிதிக்கு இரண்டாவது கலை கைவந்திருந்தது.

அதைக் கற்றுக்கொண்ட இடம் தஞ்சாவூர். 1957-ல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் இறங்கி 15 இடங்களை வென்றபோது, 32 வயதில் குளித்தலையிலிருந்து சட்டமன்றம் போனவர் அவர். 1953-ன் கல்லக்குடிப் போராட்டம் அந்தத் திருச்சி வட்டாரத்தில் அவர் பெயரைப் பரப்பியிருந்தது. தொகுதிக்குள் இருந்த நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்னையைத்தான் சட்டமன்றக் கன்னிப்பேச்சுக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த தேர்தலுக்குள் காமராஜர் உஷாராகிவிட்டார். அந்த 15 பேரும் திரும்பி வரக் கூடாது என்று ஒவ்வொரு தொகுதியாகக் குறிவைத்து வேலை நடந்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். 15 பேரில் சட்டமன்றத்துக்குத் திரும்பியவர் ஒருவர்தான். குளித்தலையை விட்டுத் தஞ்சைக்கு மாறியிருந்த கருணாநிதி!

தஞ்சையிலும் எளிதாக இருக்கவில்லை. காங்கிரஸின் பரிசுத்த நாடார் பணபலமும் ஊர்ச் செல்வாக்கும் உள்ள உள்ளூர்ப் புள்ளி. வித்தியாசம் 1,928. ஐந்தாண்டு கழித்து, காங்கிரஸ் ஆட்சியே கவிழ்ந்த 1967 அலையில், கருணாநிதி சைதாப்பேட்டைக்குப் போய்விட்டிருந்தார். தஞ்சையில் வென்றவர் அதே பரிசுத்த நாடார். அந்த ஆண்டு விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். பெருந்தலைகள் உருண்ட அந்த வருடத்தில் கருணாநிதி தஞ்சையிலேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்புத்தான் வைத்திருக்க வேண்டும்.

699: யாருக்கு லாபம்?

1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். இந்திரா காங்கிரஸோடு கைகோத்த திமுக அணி 39-ல் 37 இடங்களை வென்றது. எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை குறைவு. பிப்ரவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டணி உற்சாகமாகக் கிளம்பியது. 'பாவம், அவரை ஏன் கலைச்சாங்க' என்ற அனுதாபம் அதைவிட வேகமாகக் கிளம்பியிருந்தது. அதிமுக 129, திமுக 37.

அண்ணா நகரில் கருணாநிதியை எதிர்த்து நின்றவர் டாக்டர் எச்.வி. ஹண்டே. சுதந்திராக் கட்சியிலிருந்து வந்தவர், மருத்துவர், மேடையில் ஆர்ப்பாட்டம் பண்ணத் தெரியாதவர். 699 வாக்குகளில் தவறவிட்டார். ஒரு வாக்குச்சாவடியில் விழும் ஓட்டுகூட இல்லை அது. 350 பேர் சூரியனை விட்டு இலைக்கு மாறிக் குத்தியிருந்தால் முடிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தோற்ற ஹண்டே மேலவை வழியாக சுகாதாரத் துறை அமைச்சரானார். வென்ற கருணாநிதி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். 1984-ல் எம்.ஜி.ஆர். அப்போலோவில் கிடந்தபோது, அவர் உடல்நிலை பற்றி நாள் தவறாமல் பத்திரிகையாளர்களிடம் பேசி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர் இந்த ஹண்டேதான்.

எனில் அந்த 699 யாருக்கு என்ன கொடுத்தது? கருணாநிதிக்குக் கட்சியைக் கொடுத்தது என்பேன். 1976-ல் ஆட்சி கலைப்பு, சர்க்காரியா கமிஷன், 1977 தோல்வி, 1980 தோல்வி என்று வரிசையாக அடி வாங்கிக்கொண்டிருந்த கட்சி அது. இந்த நிலையில் தலைவரே சொந்தத் தொகுதியில் மண்ணைக் கவ்வியிருந்தால், 'இவரை வெச்சு இனிமே ஆகாது' என்ற முணுமுணுப்புக் கிளம்ப எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சட்டமன்றத்தில் எழுந்து நின்று எம்.ஜி.ஆரை நோக்கிக் கேள்வி கேட்கும் எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததால்தான், ஆட்சி இல்லாத ஆண்டுகளிலும் அவர் அன்றாடம் செய்தியில் இருந்தார். மாவட்டச் செயலாளர்கள் அவரைச் சுற்றியே நின்றார்கள்.

தஞ்சை, அண்ணா நகர், துறைமுகம் என்று மூச்சு வாங்க வைத்த மூன்று தேர்தல்களின் வித்தியாசங்களைக் கூட்டினால் 3,517 வருகிறது. மூன்று இடத்திலுமாகச் சேர்த்து 1,761 பேர் மனம் மாறியிருந்தால் 13-க்கு 13 என்பது 13-க்கு 10 ஆகியிருக்கும். ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம்தான்.

ஜெயித்தது தலைவர், தோற்றது கட்சி

இந்தச் சாதனையைப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த 13 தேர்தல்களில் திமுக ஆட்சியைப் பிடித்தது 1967, 1971, 1989, 1996, 2006 என ஐந்து முறை. மீதி எட்டு முறையும் அவர் வென்று, கட்சி தோற்றது. ஐந்து முறை முதல்வர் என்ற பெருமைக்குப் பின்னால், எட்டு முறை மக்கள் 'நீங்க உள்ள வாங்க, ஆட்சி வேணாம்' என்று சொன்ன கதையும் இருக்கிறது. ஆண்ட காலங்களிலும் இரண்டு, 1976 ஜனவரி 31-லும் 1991 ஜனவரி 30-லும் பாதியில் கலைக்கப்பட்டன.

எதிரணி அவரைத் தோற்கடிக்க முழு மூச்சாக இறங்கியதா என்பது அடுத்த கேள்வி. 1991, 1996, 2001 மூன்று தேர்தல்களிலும் அவரை எதிர்த்து இரண்டாம் இடம் வந்தவர்கள் காங்கிரஸ்காரர்கள்: கே. சுப்பு, நெல்லை கண்ணன், ஆர். தாமோதரன். அதிமுக அந்த இடத்தைத் தோழமைக் கட்சிக்குத் தள்ளிவிட்டிருந்தது. 2006-ல் எதிரே நின்றவர் காயிதே மில்லத்தின் பேரன் தாவூத் மியாகான். ஆக, தொடர்ந்து நான்கு தேர்தல்களில் சூரியனுக்கும் இரட்டை இலைக்கும் அவர் தொகுதியில் நேரடிப் போட்டியே நடக்கவில்லை. ஜெயலலிதா ஒருமுறையும் கருணாநிதியை எதிர்த்து நிற்கவில்லை. எம்.ஜி.ஆரும் அப்படியே. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டவர்கள், வாக்குச்சீட்டில் மட்டும் ஒரே தாளில் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டிச் செய்தி: தோற்காதவர்களும் தோற்றவர்களும்

எம்.ஜி.ஆரும் சட்டமன்றத் தேர்தலில் தோற்றதில்லை. பரங்கிமலை (இரண்டு முறை), அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி என ஐந்து வெற்றி.

ஜெயலலிதா 1991-ல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்றார். 1996-ல் அதே பர்கூரில் சுகவனத்திடம் 8,366 வாக்குகளில் தோற்றார்.

மு.க. ஸ்டாலின் ஆயிரம் விளக்கில் 1984-லும் 1991-லும் தோற்றிருக்கிறார்.

கேரளத்தின் கே.எம். மாணி 1965 முதல் 2016 வரை பாலா என்ற ஒரே தொகுதியில் 13 முறை வென்றார். உம்மன் சாண்டி 1970 முதல் 2021 வரை புதுப்பள்ளியில் மட்டும் 12 முறை.

கோபாலபுரம் வீட்டிலிருந்து எட்டும் தூரம்

மாணிக்குப் பாலா, சாண்டிக்குப் புதுப்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை காலை புதுப்பள்ளி வீட்டு வாசலில் சாண்டியைப் பார்க்க மனுவோடு கூட்டம் நிற்பது வழக்கமாக இருந்தது. அந்த ஊரும் அந்த ஆளும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. கருணாநிதிக்கு அப்படியொரு தொகுதி கடைசிவரை, சரியாகச் சொன்னால் 87 வயது நெருங்கும்வரை, அமையவில்லை. 13-ல் ஒன்பது தேர்தல்களை அவர் சென்னைக்குள்ளேயே சந்தித்தார். காரணம் புரிகிறது. மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்துவிட்டு வந்து கடைசி இரண்டு நாள் தொகுதிக்குள் வேனில் சுற்றினால் போதும். மீதியை வட்டச் செயலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். பூத் ஸ்லிப்பை வீடு வீடாகக் கொடுத்து, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர், யார் இறந்துபோனார் என்று விரல்நுனியில் வைத்திருந்த அந்த ஆட்கள்தான் 699-ஐயும் 890-ஐயும் இழுத்துப் பிடித்தவர்கள். மாநகரத்தில் திமுகவுக்கு இருந்த அந்தக் கட்டமைப்பு, அலை அடிக்கும் வருடத்தில் கரையோரம் ஒரு தூணாவது நிற்க உதவியது.

பாதுகாப்பான தொகுதி என்று சொல்லிவிட முடியாது. அவர் விட்டுச்சென்ற துறைமுகத்தைக் கட்சியின் பொதுச்செயலாளர் பேராசிரியர் அன்பழகன் 1996-ல் எடுத்துக்கொண்டார். 2001-லும் 2006-லும் அவரே சில நூறு வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பித்தார். கோட்டை இருக்கிற தொகுதி, கோட்டையாக இருந்ததில்லை.

நடுவே ஒரு காலி இடமும் உண்டு. 1983-ல் இலங்கைத் தமிழர் பிரச்னைக்காகக் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். 1984 பொதுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. மேலவைக்குப் போயிருந்தார். அந்தத் தேர்தல் நடந்த சூழலை நினைத்துப் பாருங்கள். இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். திமுகவுக்கு 24 இடங்கள் மட்டுமே தேறின. 1980-ல் 699-ல் தப்பியவர் அந்த இரட்டை அனுதாபத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு மேலவையையே மூடியது. அன்றிலிருந்து 1989 ஜனவரி வரை எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத கருணாநிதியைத் தமிழகம் பார்த்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் நடந்த அந்த 1989 தேர்தலில் அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிளந்து, காங்கிரஸும் தனியாக நின்று, களம் நான்கு முனையானது. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான் திமுகவுக்கு விழுந்தது. இடங்களோ 150. துறைமுகத்தில் அவருக்குக் கிடைத்த 31,991-ஐ அந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய ஓட்டு

2008 மறுவரையறை அவருடைய தேர்தல் வாழ்க்கையில் இரண்டு வேலை செய்தது. அவர் மூன்று முறை வென்ற சேப்பாக்கத்தைத் திருவல்லிக்கேணியோடு இணைத்தது. அதுவரை தனித்தொகுதியாக இருந்த திருவாரூரைப் பொதுத்தொகுதி ஆக்கியது. திருக்குவளையில் பிறந்து, திருவாரூரில் படித்து, அங்கேயே அரசியல் கற்றவருக்குச் சொந்த மண்ணில் நிற்க அப்போதுதான் வழி திறந்தது.

2011. அலைக்கற்றை வழக்கும் மின்வெட்டும் திமுகவைப் புரட்டிப்போட்ட வருடம். கட்சிக்கு 23 இடங்கள். 29 இடங்கள் பெற்ற தேமுதிகவுக்கும் பின்னால் மூன்றாம் இடம். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிகூட விஜயகாந்துக்குப் போனது. அந்த வருடம் திருவாரூர் கொடுத்தது 50,249 வித்தியாசம். 2016-ல், 92 வயதைத் தொடவிருந்தபோது, வேனில் உட்கார்ந்தபடியே மைக்கைப் பிடித்து ஓட்டுக் கேட்டார். குரல் தளர்ந்திருந்தது, வார்த்தைகள் இடைவெளி விட்டு வந்தன. 68,366. அவருடைய 13 வெற்றிகளில் இதுதான் பெரியது. எட்டு முறை கட்சி தோற்றபோது அவர் வென்றதில், காற்றுக்கு முற்றிலும் எதிராகப் பெரிய வித்தியாசம் வந்தது இந்த ஊரில் மட்டும்தான்.

திருவாரூருக்கு அதனால் என்ன கிடைத்தது? கணக்குப் பார்த்தால், அந்த ஊருக்கு வந்த பெரியவையெல்லாம் அவர் அங்கே எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்பே வந்துவிட்டவை. 1997-ல் தனி மாவட்டம், 2009-ல் மத்தியப் பல்கலைக்கழகம், 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி. மூன்றுமே அவர் முதல்வராக இருந்து, வேறொரு தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய காலத்தில் வந்தவை. அவரையே உறுப்பினராக அனுப்பிய ஏழாண்டுகளில் அவர் எதிர்க்கட்சி. அவைக்கு அவர் வருவதே அரிதாகிவிட்டது. உள்ளே சக்கர நாற்காலிக்கு வசதியான இருக்கை இல்லை என்ற புகார் தொடர்ந்தது. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எண்ணி ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே வாங்கியதற்குச் செலுத்திய நன்றிக்கடன் என்று வைத்துக்கொள்ளலாம்.

2018 ஆகஸ்ட் 7-ல் அவர் மறைந்தார். திருவாரூர் இடைத்தேர்தல் 2019 ஜனவரி 28 என்று அறிவிக்கப்பட்டு, கஜா புயல் நிவாரணப் பணிகளால் ரத்தாகி, ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து நடந்தது. திமுக நிறுத்தியது குடும்பத்தைச் சேராத மாவட்டச் செயலாளர் பூண்டி கலைவாணனை. வித்தியாசம் 64,571. அந்த 68 ஆயிரத்தில் தலைவருக்காக விழுந்தது எவ்வளவு, கட்சிக்காக விழுந்தது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த எண் ஓரளவு பதில் சொல்கிறது.

அதே கேள்விக்குச் சென்னையிலிருந்தும் ஒரு பதில் வந்தது. ஜெ. அன்பழகன் இரண்டு முறை வென்று வைத்திருந்த சேப்பாக்கம்–திருவல்லிக்கேணியில் 2021-ல் முதன்முதலாகத் தேர்தலுக்கு நின்றார் பேரன் உதயநிதி. தாத்தா ஆடிக் களைத்த சேப்பாக்கம் இப்போது பெரிய தொகுதி, கட்சிக்குச் சாதகமான வருடமும்கூட. உதயநிதி பெற்ற வித்தியாசம் 69,355. தாத்தா 13 தேர்தல்களில் ஒருமுறையும் எட்டாத எண்.